கோபுர உச்சியில் நேராக நின்றவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்ததை நேரத்தோடு என் அளவைப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் நில அளவையாளன். எங்கள் சமவெளியில் எங்கே நின்றாலும் தேவாலயக் கோபுரம் தெரியும். அதன் உச்சியைக் குறி வைத்துத்தான் எல்லா வயலையும் அளப்போம். சென்ற ஆண்டு அந்த உச்சிக்கு வண்ணம் பூச ஏறிய என் தங்கை கணவர் விழுந்து செத்தார். "குடிச்சிட்டு, கயிறு கட்டாம ஏறினான்" என்றார் காண்டிராக்டர். மாப்பிள்ளை குடி வாசனையே ஆகாத மனிதர். ஊர் காண்டிராக்டரைத்தான் நம்பியது. தங்கை தெருவில் தலை நிமிர முடியவில்லை.

சரியாக ஓராண்டு கழித்து, நல்ல வெயில் அடித்த மாலை. கோபுரத்திலிருந்து அரை மைல் தள்ளிக் கருவியை நிறுத்தினேன். தொலைநோக்கி வைத்த பழைய அளவைக் கருவி. அதில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். கோபுரம் வானத்திலிருந்து தொங்கும். எனக்குப் பழகிப்போன காட்சி.

மணி 4.10. தொங்கிய கோபுரத்தின் நுனியில் ஓர் ஆள்... நேராக நின்றான்.

இந்தக் கருவியில் நேராகத் தெரிந்தால், நிஜத்தில் தலைகீழ்.

கண்ணை எடுத்துப் பார்த்தேன். கோபுரத்தில் யாருமில்லை. வெயிலின் வேலை என்று சொல்லிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

4.25. இன்னும் அரை மைல் தள்ளி. கோபுரம் பாதியாகச் சிறுத்திருந்தது. அவன் சிறுக்கவில்லை.

4.40. கோபுரத்தின் மறுபக்கம். அங்கும் முகம் என்னைப் பார்த்தே... இரு கைகளையும் ஆட்டினான். இடது கணுக்காலில் கயிறு.

டக்.

காதுக்குள்ளேயே கேட்டது. அதற்குள் முகம் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை.

நேரே ஏணிக்காரன் வீட்டுக்குப் போனேன். அன்று கீழே ஏணி பிடித்தவன் அவன்.

"கயிறு கட்டியிருந்தாரா, இல்லையா?"

தரையைப் பார்த்தான். "கட்டியிருந்தாருண்ணே. நாலு பத்துக்குச் சறுக்கிட்டாரு. இடது கால் மாட்டித் தலைகீழாத் தொங்கினாரு. இத்துப்போன கயிறு குடுத்தது வெளிய தெரியக் கூடாதுன்னு காண்டிராக்டர் சர்ச் கேட்டைப் பூட்டிட்டாரு. அரை மணி நேரம். ஊரே சந்தைக்குப் போயிருந்ததால வேற யாரும் பாக்கல. அறுந்ததும் கயித்தை அவரே அவுத்து மறைச்சிட்டாரு."

"நீ?"

"பிள்ளகுட்டிக்காரன்ண்ணே."

சட்டையைப் பிடித்தேன். "இதை என் தங்கச்சி முகத்தைப் பாத்துச் சொல்லு. நட."

சொன்னான். தங்கை அழவில்லை. தெருக்கதவை அகலத் திறந்து வைத்து, "இன்னொரு தடவ சொல்லு. சத்தமா" என்றாள்.

சொல்லி முடித்தவன் என் பக்கம் திரும்பினான்.

"அரை மணி நேரமும் கையை ஆட்டிக் கத்திக்கிட்டே இருந்தாருண்ணே. 'அதோ என் மச்சான் கருவியோட நிக்கிறான், பாத்துட்டான், வந்துடுவான்'னு. நானும் பாத்தேன். வயல்ல நீங்கதான். ஏண்ணே வரல?"

அளவைப் புத்தகத்தில் மாப்பிள்ளை விழுந்த நாளின் பக்கத்தைப் புரட்டினேன்.

மணி 4.10. நான் முந்நூறு மைல் தள்ளி, வேறோர் ஊரில் அளந்துகொண்டிருந்தேன்.