சொல்லிப் போட்ட இடம்

என் கொழுஞ்சி வயலுக்குள் யாரோ ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் செருப்புக்கூட மாட்டாமல் ஓடினேன். ஆடு மேய்க்கிறவர் என்றால் அதட்டலாம். இவர் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, முறுக்கி, முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், ஏதோ நான்தான் அவர் வயலுக்குள் நுழைந்துவிட்டவன்போல, "வாங்க தம்பி, உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அப்படித்தான் வீரையன் எனக்குப் பழக்கமானார். புளியந்துறை மீனவர். எங்கள் ஊரிலிருந்து புளியந்துறை கூப்பிடு தூரம்தான். ஆனால் காவிரியின் கடைசிச் சொட்டை நம்பியிருக்கும் எங்களுக்கும், கடலை நம்பியிருக்கும் அவர்களுக்கும் நடுவில் மீன்கூடையைத் தவிர வேறு போக்குவரத்து கிடையாது. ஐம்பதைத் தாண்டியவர். உடம்பு இறுகிப் போயிருந்தாலும் வாய் மட்டும் ஓயாது. கணவாய் மீன் பிடிப்பதில் தன்னை அடித்துக்கொள்ள இந்தக் கரையிலேயே ஆளில்லை என்பார். அதில் பாதி புளுகு என்று அவர் மனைவி ராஜாத்தியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கொழுஞ்சி எங்களுக்குத் தழையுரம். சம்பா அறுத்த வயலில் தெளித்துவிட்டால் கோடை முழுக்கத் தானாகக் கிடந்து வளரும். தண்ணீர் வந்ததும் மடக்கி உழுதுவிடுவோம். அதே செடியைக் கொத்துக்கொத்தாகக் கட்டி, மணல் மூட்டை சேர்த்துக் கடலடியில் இறக்கினால், கணவாய் தேடி வந்து அதன் குச்சிகளில் முட்டையிடுமாம். சுற்றி நின்று தூண்டிலில் பிடித்துக்கொள்ளலாம். வலை வேண்டாம், டீசல் வேண்டாம், தூரம் போக வேண்டாம். கரையோரத்தில் கடல்புல் திட்டு ஒன்றின் நடுவே அதற்கென்றே அமைந்ததுபோல ஒரு பள்ளம் இருப்பது தனக்குத் தெரியும் என்றார்.

"அப்புறம் என்னண்ணே, வேணுங்கறத அறுத்துக்கிட்டுப் போய்ப் போடுங்க."

"போட முடியாது தம்பி. அந்தப் புல்லு இப்ப காபந்து பண்ணுன எடம். ஆவுளியா, அதான் கடல்பசு, மேயுற எடம். ஒரு கல்லு எறக்கணும்னாலும் பர்மிட் வேணும். நீங்க மனு எழுதுறதுல கெட்டிக்காரர்னு சொன்னாங்க."

அது உண்மைதான். கடைமடையில் பிள்ளை பிறந்தால் சேனை தொட்டு வைக்கும் முன்பே ஒரு மனு எழுதி வைத்துவிடலாம். தண்ணீர் கேட்டு, வாய்க்கால் தூர்வாரக் கேட்டு, காப்பீடு கேட்டு நான் எழுதாத மனு இல்லை. அவற்றுக்கெல்லாம் என்ன பலன் கிடைத்தது என்பதை வீரையன் விசாரிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவருக்கு இருந்த அவசரம் அவருடைய ஒரே மகன் தியாகேசனால் வந்தது. அவன் துறைமுகத்தில் ஒரு லாஞ்சில், அதாவது விசைப்படகில், ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். எல்லை தாண்டினார்கள் என்று போன வருஷம் பிடிபட்டு, அந்தக் கரைச் சிறையில் சில மாதம் கிடந்து வந்தவன். இன்னொரு முறை பிடிபட்டால் வருஷக்கணக்கில் உள்ளேதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வழக்கு இருப்பதால் பாஸ்போர்ட்டும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எங்கள் பக்கத்துப் பையன்களைப்போல சிங்கப்பூருக்காவது போயிருப்பான். சொந்தக் கரையிலேயே பிழைக்க வழி காட்டினால் மட்டும்தான் அவனை லாஞ்சிலிருந்து இறக்க முடியும். அந்த வழிதான் கணவாய்க் கொத்து.

'சோதனை முறையில் கடல் மீன்பிடிப்பு நடத்த அனுமதி கோருதல் தொடர்பாக' என்று பொருள் போட்டு, என் அப்பன் பாட்டன் எழுதாத மனுவை எழுதினேன். இடம் என்ற வரியில் வீரையன் சொன்னபடியே, கடலிலிருந்து பார்த்தால் மாரியம்மன் கோயில் கோபுரமும் உப்பளத்து ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் சேரும் இடம் என்று எழுதினேன். மீன்வளத்துறை அலுவலகத்தில் இருந்த அம்மா, நல்ல மாதிரி, சிரிக்காமல் படித்தார்.

"இடத்த நம்பர்ல குடுக்கணும் சார். அச்சரேகை, தீர்க்கரேகை. அத வெச்சுத்தான் நோட்டீஸ் ஒட்டுவோம். ஆட்சேபணை இருந்தா சொல்லுவாங்க. இல்லன்னா மேல அனுப்புவோம்."

தியாகேசன் அப்பாவின் படகில் போய்ப் பள்ளத்தின்மேல் நின்று, செல்போனைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு வந்தான். அதை எழுதுவதற்கு முன் வீரையனிடம் கேட்டேன்.

"கொஞ்சம் தள்ளி எழுதிருவமாண்ணே? நாங்கள்லாம் பட்டாவுல இருக்கறத ஆபீஸ்ல ஒரு மாதிரி, பங்காளிகிட்ட ஒரு மாதிரிதான் சொல்லுவோம்."

"வேணாம் தம்பி. சொல்லிப் போட்டவனுக்குத்தான் எடம்."

அது புளியந்துறை வழக்கம். கொத்துப் போடுகிறவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, இன்ன இடத்தில் போடப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது அந்தப் பருவத்துக்கு அவன் இடம். அதன் பக்கத்தில் எவனும் வலை விரிக்கமாட்டான். சொல்லாமல் மறைத்துப் போட்டவனுக்குத்தான் அந்த உரிமை கிடையாது. எத்தனையோ தலைமுறையாக இது தப்பாமல் நடந்து வந்திருக்கிறது. அதனால் அலுவலகம் நோட்டீஸ் ஒட்டப் போகிறது என்றதும் வீரையனுக்கு வாயெல்லாம் பல். ஊர்க்கூட்டத்தில் சொல்வதையே சர்க்கார் முத்திரை போட்டுச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

ஊர்க்கூட்டத்திலும் எழுந்து நின்று சொன்னார். என்னையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். எண்களை மனப்பாடம் செய்து, திருக்குறள் ஒப்பிக்கிற பிள்ளைபோல ஒப்பித்தார். நாட்டுப்படகுக்காரர்கள் தலையாட்டினார்கள், யாரோ வெற்றிலைத் தட்டை நகர்த்தினார்கள், இடம் அவருடையதாகிவிட்டது.

நோட்டீஸ் ஊர் ஏலக்கூடத்தில் மட்டும் ஒட்டப்படவில்லை. லாஞ்சு நிற்கும் துறைமுகத்திலும் ஒட்டினார்கள். அங்கே இரண்டு பேர் அதைப் போனில் படம் பிடிப்பதை நானே பார்த்தேன். லாஞ்சுக்காரர்களுக்கு இந்த ஊர்க்கூட்டமும் கிடையாது, வெற்றிலையும் கிடையாது.

"படம் பிடிக்கிறாங்கண்ணே" என்றேன்.

"பிடிக்கட்டும். நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான தம்பி காவல்?"

"எங்கூர்ல நாலு பேருக்குத் தெரிஞ்ச மடைய நாலு பேரும்தாண்ணே வந்து வெட்டுவாங்க."

அவர் சிரித்தார். வயல்காரன் புத்தி என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

சித்திரையில் லாஞ்சுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. லாஞ்சுகள் எல்லாம் கரையேறி நின்றன, தியாகேசன் வீட்டில் இருந்தான். அதிகம் பேசாத பையன். சாயங்காலங்களில் அப்பாவும் மகனும் என் வயலுக்கு வருவார்கள். கொழுஞ்சி இடுப்பளவு நின்று ஊதாப் பூ விட்டிருந்தது. எது குச்சி கெட்டி, எது கட்டுக்கு வளையும் என்று இருவரும் சண்டை போடுவார்கள். வீட்டில் மணல் மூட்டைகள் தைத்து அடுக்கியாகிவிட்டது. "பர்மிட் மட்டும் வந்துரட்டும்ணே, நான் லாஞ்சுல கால் வெக்கமாட்டேன்" என்று தியாகேசன் ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னான். சிறையிலிருந்து வந்தபின் அவன் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

பர்மிட் வரவில்லை. ஆட்சேபணை எதுவும் இல்லை, மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மேலே போனபோது, வனத்துறை ஒப்புதல் வேண்டும் என்றார்கள். வனத்துறைக்குப் போனபோது, ஒப்புதல் அனுப்பியாகிவிட்டது, மீன்வளத்துறையிலேயே கேளுங்கள் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே எது சாமி, எது பூசாரி என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "லாஞ்செல்லாம் கரையில நிக்குது. கணவாய் முட்டை போட வர்ற சமயம். பேசாம போட்டுருங்கண்ணே, யாரு முங்கிப் பாக்கப் போறா?"

வீரையன் முதன்முறையாக என்னிடம் கோபப்பட்டார். "பையன் மேல கேஸ் இருக்கு தம்பி. இங்கயும் ஒரு கேஸ் ஆச்சுன்னா அவன் எந்தக் கரையில நிப்பான்?"

அன்றைக்கே இன்னொரு நினைவூட்டல் மனு எழுதினேன்.

தடைக்காலம் முடிந்தது. லாஞ்சு முதலாளி ஆள் விட்டனுப்பினார். அடுப்பு எரிய வேண்டுமே, பர்மிட் வருகிறவரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று தியாகேசன் கிளம்பினான். முதல் நாள் லாஞ்சுகள் போன சத்தம் எங்கள் ஊர்வரை கேட்டது. வழக்கமாக நேராகத் தூரம் போகிறவை அன்று கரையோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தன என்று பிறகு சொன்னார்கள்.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அதிசயமாகக் கடைமடைவரைக்கும் வந்தது. நான் கொழுஞ்சியை மடக்கி உழுதேன். வீரையனுக்காகத் தெற்கு மூலையில் ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்தேன். "எவனோட கணவாய்க்கோ நம்ம வயலா?" என்று என் மனைவி வானதி கரித்துக்கொட்டினாள். கொழுஞ்சி பூ உதிர்ந்து காய் பிடித்து, தண்டு முற்றிப் போயிருந்தது.

உழவு முடிந்த சில நாளில் பர்மிட் வந்தேவிட்டது. வீரையன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு, அரிவாளோடு என் வயலுக்கு வந்தார். வரும்போதே பேச்சு. எந்த ஓட்டலுக்குக் கணவாய் கொடுப்பது, படகுக்கு என்ன நிறம் அடிப்பது என்று. குனிந்து அறுக்கத் தொடங்கினார். தியாகேசன் வரப்பிலேயே நின்றான்.

"இறங்குடா. வேடிக்கையா பாக்குற?"

"வேணாம்ப்பா. அங்க ஒண்ணும் இல்ல."

"எங்க?"

"பள்ளத்துல. தடை முடிஞ்ச அன்னிக்கே எல்லா லாஞ்சும் அங்கதான் போச்சு. நம்பர் எல்லார் போன்லயும் இருக்கு. புல்லு வேரோட வந்துருச்சு. கருப்பு கருப்பா முட்டையும், திராட்சக் கொத்தாட்டம்."

வீரையன் நிமிர்ந்தார். "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. எங்க லாஞ்சும் போச்சு. வலைய நானும்தான் இழுத்தேன்."

அவர் மகனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த கொழுஞ்சியைப் பார்த்துக்கொண்டே, "நான் சொல்லித்தானடா வெச்சிருந்தேன்" என்றார். என்னைப் பார்த்து, அதையே மறுபடி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்க்காலைப் பார்க்கப் போகிறவன்போல அந்தப் பக்கம் நடந்தேன்.

அப்படியும் அவர் கொத்துப் போட்டார். பர்மிட் அந்த எண்களுக்குத்தான், வேறு இடத்தில் போடக்கூடாது. கணவாய் முட்டையிடும் பருவம் தாண்டிய காற்றுக்காலத்தில், முற்றிய கொழுஞ்சியை, சுரண்டிப் போட்ட வெறும் மணலில் இறக்கினார். தியாகேசனும் கூடப் போனான். ஒரு கணவாய்கூட அண்டவில்லை. அலுவலக அம்மா படகில் வந்து பார்த்துவிட்டு, பலன் இல்லை என்று எழுதிக்கொண்டார். போகும்போது என்னிடம், "அடுத்த வருஷம் வேற எடத்துல முயற்சி பண்ணலாம் சார். புதுசா அப்ளை பண்ணணும்" என்றார். மனசார, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

தியாகேசன் மறுபடி லாஞ்சு ஏறினான். பக்கத்தில் எல்லாம் வழித்து முடித்தாயிற்று, இனித் தூரம்தான் போக வேண்டும் என்று லாஞ்சுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை போனால் ஞாயிறு திரும்பும்வரை ராஜாத்தி சாப்பிடமாட்டார் என்று வீரையன் சொன்னார். தான் சாப்பிடுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புளுகுவதையும் விட்டுவிட்டார். அது இல்லாமல் அவரோடு உட்கார்ந்திருப்பது எனக்குச் சிரமமாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லாஞ்சு திரும்பவில்லை. எல்லைக்கு அப்பால் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மதியத்துக்குள் செய்தி வந்தது. மற்றவர்கள் சில மாதத்தில் வந்துவிடலாம். தியாகேசனுக்கு இது இரண்டாம் முறை.

சாயங்காலம் வீரையன் என் வீட்டுக்கு வந்தார். வானதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பை வைக்க இடம் தெரியாதவர்போலக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்காமலே, மகனை மீட்கக் கோரும் மனுவுக்குத் தாளை எடுத்தேன். பெறுநர் போட்டேன், பொருள் போட்டேன். மகன் பெயர், வயது, லாஞ்சு எண் எல்லாம் சொன்னார்.

"எந்த எடத்துல பிடிச்சாங்கன்னு எழுதணும்ணே."

தப்பி வந்த லாஞ்சுக்காரர்கள் அந்த எண்களை ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். சட்டைப்பையிலிருந்து எடுத்து, விரித்துப் பார்த்து, மறுபடி மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"எடத்த மட்டும் எழுதாத தம்பி."

அதுவரை என்னை வாங்க, போங்க என்றே பேசி வந்தவர்.

"எழுதலன்னா மனு திரும்பி வந்துரும்ணே."

"வரட்டும். ஒரு எடத்த எழுதிக் குடுத்தேன். அதுக்கப்புறம்தான் அவன் அவ்ளோ தூரம் போக வேண்டியதாச்சு."

மற்றதையெல்லாம் எழுதி முடித்தேன். அந்த வரியை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, கையெழுத்துக்குப் பேனாவை அவரிடம் நீட்டினேன்.