இலஞ்சியில் பிடுங்கிய பீர்க்கங்கொடி

செங்கோட்டை நயினாருக்கு வயது ஐம்பத்திரண்டு. தென்காசியில் ஒரு தனியார் பயிர்நோய் ஆய்வகத்தில் உதவியாளர். நோய்ப்பட்ட இலையை நசுக்கிச் சாறெடுத்து, சோதனை அட்டையில் விட்டு, கோடு விழுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு கோடு என்றால் வைரஸ் இல்லை. இரண்டு என்றால் உண்டு. விவசாயிக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று தோட்டத்திலேயே சோதித்து, அட்டையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டுவார். அந்தப் பழக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வைகாசியில் இலஞ்சிக்குப் போனார். கடற்கரை என்ற விவசாயியின் தோட்டத்தில் பப்பாளி இலைகள் மஞ்சள் திட்டுகளோடு சுருங்கிக் கிடந்தன. காயில் வளையம் வளையமாகப் புள்ளி. அட்டையில் இரண்டு கோடு. கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நோய் எங்கிருந்து வந்தது என்று கடற்கரைக்குத் தெரிந்தாக வேண்டும். வரப்புக்கு அந்தப் பக்கம் உலகம்மையின் பீர்க்கம் பந்தல், குத்தகை நிலம். குற்றாலத்தில் சாரல் சீசன் பிடித்துவிட்டால் மெஸ்காரர்கள் பந்தலடிக்கே வந்து காய் வாங்குவார்கள். அதை நம்பித்தான் அவள் வருஷம் ஓடுகிறது.

“அந்தக் கொடியவும் ஒரு பார்வை பாரும் சார். அங்கனயும் இலை மஞ்சளாத்தான இருக்கு” என்றான் கடற்கரை.

பார்த்தார். இரண்டு கோடு. உயர்த்திக் காட்டினார்.

“அப்ப அங்கனயிருந்துதான் வந்திருக்கு, என்ன?”

நயினாருக்குத் தெரியும். அட்டையிலிருக்கும் ஆன்டிபாடி பிடிப்பது வைரஸின் மேலுறைப் புரதத்தை. நெருங்கிய உறவுள்ள வைரஸ்களுக்கு அந்த மேலுறை ஏறத்தாழ ஒன்றுதான். தீபாவளிக்கு ஒரே தான் துணியில் சட்டை தைத்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி. முதுகைப் பார்த்து எவன் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் வாயைப் பார்த்து நிற்கையில் ‘தெரியாது’ என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“அப்படித்தான் தெரியுது” என்றார்.

அன்று சாயங்காலமே உலகம்மை, பூவும் பிஞ்சுமாக நின்ற கொடியைப் பிடுங்கிப் போட்டாள். “பக்கத்து வயலுக்குச் சீக்கு குடுத்த மகராசி” என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

உறுத்தல் தாங்காமல் நயினார், எடுத்து வைத்திருந்த இலைகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். ஆனி பிறந்த பிறகு ஃபோன் வந்தது. கொடியில் இருந்தது பூசணி, பீர்க்கு வகைகளை மட்டும் பிடிக்கும் உறவுக்காரன், பப்பாளியில் ஒட்டாது.

உலகம்மை காலிப் பந்தலில் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அருகே போய், தணிந்த குரலில் சொன்னார்.

“பிடுங்காம இருந்தா மஞ்சளோட மஞ்சளாப் பாதிக் காயாவது பறிச்சிருப்பேன் அண்ணாச்சி” என்றாள். பிறகு, “அன்னைக்கு எல்லாரும் பாக்க அட்டையத் தூக்கிக் காட்டுனிய. இன்னைக்கு எங்காதுல வந்து சொல்லுதிய!”

நயினாருக்குக் காது மடல் எரிந்தது. கடற்கரையும் மற்றவர்களும் இருந்த டீக்கடைக்கு நேரே போய், நின்றபடியே சொன்னார்.

“அப்ப அந்த ரெண்டு கோடு பொய்யா வே?” என்றான் கடற்கரை.

“கோடு பொய் இல்ல. நான் சொன்னதுதான் தப்பு. அது எனக்கு அப்பவே தெரியும்.”

“நல்லா இருக்கு ஒம்ம ஆராய்ச்சி!”

பெஞ்சிலிருந்த ஒருவர் கேட்டார்: “அப்ப அந்தம்மா மடையத் தொறந்துரலாமா சார்?”

“எந்த மடை?”

“தண்ணியோட சீக்கு பரவிருமுன்னு அன்னைக்கே மண்ணப் போட்டு அடச்சோம்லா.”

உலகம்மை இதை அவரிடம் சொல்லவேயில்லை. நயினார் மண்வெட்டி கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி வெட்டினார், பழகாத கை. கடற்கரை வரப்பில் நின்று, “ஆழமா வெட்டும் வே, சும்மா தடவுதீரு” என்றான். தண்ணீர் திரும்பி, கொடியில்லாத அந்த மண்ணுக்குள் போயிற்று. உலகம்மை கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நயினார் நிமிரவில்லை.