நாலா பக்கமும்

பம்பாயில் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் ரயில் நின்றுபோன ஒரு மழை நாளில்தான் அந்த யோசனை வந்தது. தண்டவாளம் தண்ணீருக்குள். பெண்கள் பெட்டியில் தினமும் பஜனை பாடும் கோஷ்டி மட்டும் கைதட்டி விடாமல் பாடிக்கொண்டிருந்தது. இப்படிக் கூட்டமாகச் சேர்ந்து இந்த வெள்ளத்தையே பாடினால்? வெயிலை, கடலை, கெட்டுப்போன பருவத்தைப் பாடும் தமிழ்க் குழு ஒன்று! பக்கத்தில் நின்ற அலுவலகத் தோழியிடம் அந்த நிமிஷமே கொட்டிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

மாட்டுங்காவில் நான் ஆள் சேர்த்து முடிப்பதற்குள் தாராவியில் அவள் குழு பாடவே ஆரம்பித்துவிட்டது. "நீ சொன்னதுதாம்ட்டி! எங்க பிள்ளைகளும் ஆசப்படுது" என்றாள், பெருமையாக. சிரித்துவைத்தேன்.

செம்பூரில் ஒரு விழா. இரண்டு குழுவும் பாட வேண்டும். கூட்டத்துக்குப் பிடித்த பாட்டைக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. அது என் பாட்டாக இருக்க வேண்டும். தூக்கத்திலும் எனக்கு அதே நினைப்பு.

என் குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. பாட்டை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். இந்தியில் குறில் 'எ' கிடையாதே! ஒத்திகையில் திருத்தித் திருத்திப் பாடவைத்தது, மேடையில் காகிதத்தைப் பார்த்ததும் போயிற்று. 'புவி வெப்பமயமாதல்' என்று நான் பெருமையோடு எழுதிய வரி, 'புவி வேப்பமயமாதல்' என்று முழங்கியது.

"பூமியெல்லாம் வேப்பமரமா? அச்சா ஹை! நல்லதுதானே!" என்றார் முன்வரிசையில் ஒருவர். அரங்கமே சிரித்தது.

அடுத்து அவள் குழு.

"நாலா பக்கம் வீடு எங்களுக்கு,
நாலா பக்கமும் தண்ணி எங்களுக்கு."

முதல் நாலா, பம்பாயில் எல்லோர் வாயிலும் புழங்கும் சாக்கடைக் கால்வாய். இரண்டாவது, நம்முடைய தமிழ் நாலா. இவ்வளவுதான் விஷயம். எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டாம் முறை பாடும்போது கூட்டமே சேர்ந்துகொண்டது. நானும் தட்டினேன். கையும் எரிந்தது, வயிறும் எரிந்தது. கடைசியில் எல்லோரும் அதைப் பாடியபோது வாயை மட்டும் அசைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒங்க வேப்பமரம் ஒண்ணு எங்க சந்துக்கும் குடேன். நெழலுக்கு ஆவும்."

"வாயை மூடிண்டு வரியா?"

முன்சீட்டில் யாரோ போனில், "கல் மிலேங்கே" என்றார்கள். நாளைக்குப் பார்க்கலாமாம். சட்டென்று நிமிர்ந்தேன். கல்! இந்தியில் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். தமிழில் கல் மழை என்றால் ஆலங்கட்டி. நேற்றைய மழை, நாளைய மழை, தலையில் விழப்போகிற மழை, எல்லாம் ஒரே சொல்லில்.

"என்னட்டி யோசிக்க?"

"ஒண்ணுமில்லைடி."

இந்த முறை அவளிடம் மூச்சு விடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் 'கல் மழை' என்றே தொடங்கிப் பாடிப் பார்க்கப் போகிறோம். காகிதம் இல்லாமல்.