ஒரு பெயருக்கு ஒரு வரி

எங்கள் வீட்டில் யாரும் என் மகனைப் பள்ளிக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது அவன் தாத்தாவின் பெயர். மாமியார் தன் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார். மாமனார் பெயரைச் சொல்லி ஒரு வாண்டுப் பயலை அதட்ட எனக்கும் நாக்கு எழாது. அதனால் வீட்டில் அவனுக்கு ஒரு செல்லப் பெயர், அசல் பெயர் ரேஷன் கார்டோடு சரி. என் கணவருக்கும் அவர் தாத்தா பெயர்தான். இப்படி ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்பி வந்ததில் இனிஷியலும் கூடவே வந்துவிட்டது. மாமனாருக்கும் பேரனுக்கும் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, மயிலாப்பூர் வீட்டு டெலிபோனும் ஒன்று. மாமனாருக்கு அதில் ஏகப் பெருமை. "நான் போனாலும் என் பேருக்கு லெட்டர் வந்துண்டேதான் இருக்கும்" என்பார். அந்தப் பேச்சு எனக்கு ஆகவே ஆகாது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். எங்கள் மயிலாப்பூர் வீட்டுத் தெருக்கோடி நர்சிங் ஹோமுக்கு நோயாளிகள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. என் பக்கத்து சீட்டுக்காரன் அதை எடுத்துக்கொண்டான். கெட்டிக்காரன். அது அவனுக்கே தெரிந்திருந்ததுதான் கஷ்டம். எங்கிருந்தோ ஓர் இலவச டேட்டாபேஸைப் பிடித்து வந்து, டீ வேளையில் எனக்குக் காட்டினான்.

"முன்னாடில்லாம் ஆள் இருக்காரான்னு தேடணும், இருந்தா திருத்தணும், இல்லன்னா புதுசா சேர்க்கணும். இதுல எல்லாமே ஒரே வரி, மேடம். இருந்தா பழசைத் தூக்கிட்டுப் புதுசைப் போட்டுடும். இல்லன்னா சேர்த்துடும்."

"கேக்காமலேயா தூக்கும்?"

"அதானே அழகு."

அந்தத் 'தூக்கிட்டு' எனக்கு உறுத்தியது. எதை வைத்து ஆளை அடையாளம் பார்க்கிறது என்று கேட்பதற்குள் முதலாளி கூப்பிட்டு அவன் எழுந்து போய்விட்டான்.

மாமனாருக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. எப்போதோ ஒரு தடவை போட்டுச் செத்துப் பிழைத்தவர். நர்சிங் ஹோமில் கம்ப்யூட்டர் வந்ததும் முதல் ஆளாகப் போய், ரிசப்ஷன் பெண் எதிரில் உட்கார்ந்து அதை எழுத்தெழுத்தாக அடிக்க வைத்துவிட்டு வந்தார். "இனிமே யாருக்கும் ஞாபகப்படுத்திண்டு இருக்க வேண்டாம்" என்றார். நாங்களும் அதை மறக்க ஆரம்பித்தோம். சில மாதம் கழித்து என் மகனுக்குத் தொண்டைப் புண் வந்து, என் கணவர் அங்கே கூட்டிப் போனார். பென்சிலின் போட்டார்கள். அழுதான், குணமானான். ரிசப்ஷன் பெண் அவன் விவரத்தை ஒழுங்காக ஏற்றினாள். அந்த ஒரு வரி அன்றைக்குக் கம்ப்யூட்டரிலிருந்து என் மாமனாரைத் தூக்கிவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மழைக்காலத்தில் மாமனாருக்குக் காலில் ஒரு புண் சீழ் வைத்து, ஜுரம் ஏறி, பேச்சுக் குழறியது. என் கணவர் வெளியூரில். மாமியார் தனியாக ஆட்டோவில் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு, அங்கிருந்தே என் ஆபீசுக்குப் போன் செய்தார்.

"பயப்படாதே. பேர் கேட்டா. நான் எப்படிடி சொல்றது? ஆத்து போன் நம்பரைச் சொன்னேன். அந்தப் பொண்ணே பேரைப் படிச்சா, ஆமான்னேன். வயசு மட்டும் நாலுன்னு தப்பா இருந்துதாம். சமத்து, உடனே திருத்திட்டா. ஏதோ ஊசி ஆகாதேன்னு கேட்டேன். எல்லாம் கம்ப்யூட்டர்ல கீது மாமின்னுட்டா. இதோ நர்ஸ் வந்துட்டா, வெச்சுடறேன்."

நாலு வயது. அது என் மகன் வயது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"எதை வெச்சு ஆளை அடையாளம் பார்க்கறே?"

"பேரு, இனிஷியல், போன் நம்பர். மூணும் ஒண்ணா ரெண்டு பேர் எங்க மேடம் இருக்கப் போறாங்க?"

"எங்காத்துல இருக்கா" என்றேன். அவன் முகத்தில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது.

நர்சிங் ஹோம் லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சுழற்றியும் எங்கேஜ்டு. ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் தண்ணீர். "இன்னாமா அவசரம், ரோடே தெரியல" என்று டிரைவர் சலித்துக்கொண்டார். எனக்கு அந்த மானிட்டர்தான் கண்ணில் நின்றது. வயது நாலு என்றே விட்டிருந்தால் டாக்டர் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். இப்போது அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. வயதானவர், பென்சிலின் முன்பே போட்டிருக்கிறது, ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண் நல்லெண்ணத்தோடு திருத்திய திருத்தம் என் மாமனாருக்கு இருந்த கடைசி வழியையும் அடைத்துவிட்டது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டிக்கொண்டே போனேன், என்னைப் பெயர் வைக்க விடாத அந்தக் குடும்ப வழக்கத்தையும் சேர்த்து.

மாமியார் வராந்தாவில் மாமனாரின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "ஊசி போட்ட கையோட மூச்சு வாங்கித்துடி, என்னை வெளியில அனுப்பிட்டா" என்றார். கதவு இடுக்கில், டாக்டர் குனிந்து அவர் மார்பை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. வெளியே வந்தபோது டாக்டரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஒத்துக்கும்னு ரெக்கார்டுல இருந்துதேம்மா, அதான் டெஸ்ட் டோஸ் போடல" என்றார். மாமியாருக்குப் புரியவில்லை. நான்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ரிசப்ஷனில் இறப்பைப் பதிய வேண்டுமாம். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் போன் நம்பரைத் தட்டினாள். பெயர் வந்தது. கீழே அடிக்க ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுல போடாதே. அது என் பிள்ளை."

அவள் மானிட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப தாத்தா எங்கக்கா கீறாரு?"

"எங்கயும் இல்லை" என்றேன்.