கேபிளைப் பிடுங்கிய பிறகு

நம்பும்படி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. புத்தூரில், என் கடையில், மழை பெய்த ஒரு மாலை, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு முடிந்த சற்று நேரத்தில்.

பழுதான ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து படங்களையும் பாட்டுகளையும் மீட்டுத் தருவது என் தொழில். அன்று ஸ்டீபன்ராஜ் நனைந்தபடி வந்தார். பாலக்கரையில் தையல் கடை வைத்திருப்பவர். மனைவி ஜென்சி இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். சர்ச்சில் பாடியவள். அவள் பாட்டெல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தன. மகளுக்கு அம்மாவின் குரலைப் போட்டுக் காட்ட வேண்டும், ஒரு பாட்டு கிடைத்தால்கூடப் போதும் என்றார்.

என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகினேன். டிஸ்க் வந்ததாகவே காட்டவில்லை. சிஸ்டம் பதிவைத் திறந்தேன். பதில் இல்லை, பதில் இல்லை என்று ஒரே பிழை வரிவரியாக ஓடியது. கேபிளை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன். தனி மின்சாரம் தரும் ஹப்பிலும் போட்டுப் பார்த்தேன்.

டிக்... டிக்... டிக்...

பிறகு டிஸ்க்குக்குள் கேட்ட அந்தச் சத்தமும் நின்றது.

“உள்ள பதிவைப் படிக்கிற ஹெட் போயிருக்குங்க. எனக்கு நம்பிக்கை இல்ல,” என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

6.52. திரையில் ஒரு வரி வந்தது. புது டிஸ்க். அளவு... பூஜ்யம்.

கை வைத்துப் பார்த்தேன். டிஸ்க் சுழலவில்லை. அதில் எதுவும் இருக்க முடியாது. ஆனால் பெயரில்லாத ஓர் ஆடியோ இருந்தது. திறந்தேன்.

ஒரு பெண் மெல்லப் பாடினாள். ஸ்டீபன்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பாட்டு பாதியில் நின்றது.

“ஏங்க... பாப்பா தூங்கிட்டாளா?”

ஏதோ பழைய பதிவு என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அவ பாப்பாவைப் பார்த்ததே இல்லைங்க. பிரசவத்துலயே போயிட்டா.”

கேபிளைப் பிடுங்கினேன்.

குரல் நிற்கவில்லை.

“எழுப்பாதீங்க... நானே வந்து தூக்கிக்கறேன்.”

அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்.

அவர் வீட்டுக்குப் போன் செய்தார். பாப்பா நன்றாகத் தூங்குகிறாள், ஒன்றுமில்லை என்று அவருடைய அக்கா சொன்னார். அப்படியும் அவர் மழையில் இறங்கி ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மூச்சு இல்லை. டாக்டர்களாலும் காரணம் சொல்ல முடியவில்லை.

அடக்கம் முடிந்தும் அவர் டிஸ்க்கைக் கேட்டு வரவில்லை. என்னால் அதை வைத்திருக்கவும் முடியவில்லை. சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு லேபுக்கு அனுப்பினேன். பிரித்துப் பார்த்தவர் போன் செய்தார். உள்ளே ஹெட் முறிந்து, கண்ணாடித் தட்டின் மேல் பதிவு தங்கும் பூச்சு முழுவதையும் சுரண்டித் தள்ளியிருக்கிறதாம்.

“வெறும் கண்ணாடிதாங்க மிச்சம். இதுல ஒரு சத்தமும் கிடையாது.”

அந்தத் தட்டை உயர்த்திப் பிடித்து ஒரு படமும் அனுப்பினார். தட்டுக்குப் பின்னால் அவர் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.