நாய்களைப் பிடிக்காத நாய்

எளாவூர் செக்போஸ்ட்டில் யாரோ அவளை இறக்கிவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு காது கிழிந்திருந்தது. மூக்கு முழுக்கத் தழும்பு, கழுத்தில் அறுந்த கயிறு. எங்கள் கம்பெனி பஸ் டீக்கு நின்றபோது நேராகப் படியேறி வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் பாதி பிஸ்கட்டை நீட்டினார். அப்படித்தான் அவள் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

மனிதர்களிடம் அவளைப்போல் குழைகிற நாய் கிடையாது. சிலிண்டர் போட வந்தவருக்கே வயிற்றைக் காட்டிப் படுத்தாள். மறுநாள் காலை தெருவுக்குக் கூட்டிப்போனேன். குப்பைத்தொட்டி ஓரம் ஒரு சொறிநாய் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் இவளுக்குள் எவனோ பொத்தானை அமுக்கியதுபோல் ஆகிவிட்டது. முடி சிலிர்த்து, பல் தெரிய, என்னைச் சாக்கடை வழியாக இழுத்துக்கொண்டு போனாள். ஒரு செருப்பு இன்னும் அந்தச் சாக்கடையில்தான் இருக்கிறது. எங்கள் தெருவிலோ ஆட்களைவிட நாய்கள் அதிகம். அவளை ஒன்றுக்குக் கூட்டிப்போவதே போருக்குப் போவதாக ஆயிற்று.

பழவேற்காட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமியார் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "மன்சனப் பாத்தா வாலாட்டுது, தன் சாதிய பாத்தா வெறி புடிக்குது. இதுல இன்னா தப்பு? எனக்கும் நம்ம சொந்தக்காரங்கள பாத்தா அப்படித்தான் இருக்கு" என்றார். கணவர் எந்தக் கட்சியிலும் சேராமல் மீஞ்சூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

திருவள்ளூரில் கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினேன். "இது திமிர் இல்லைங்க, பயம். நிறைய கடி வாங்கியிருக்கா. அதான் முந்திக்கிறா" என்றார். "அடிக்காதீங்க, அதட்டாதீங்க. எவ்ளோ தூரத்துல நாய் நின்னா கத்தாம இருக்கான்னு பாருங்க. அந்தத் தூரத்துல நாய் கண்ணுல பட்டதும் ருசியா எதாவது வாயில வெயுங்க. கத்துனா, நீங்க கிட்டப் போய்ட்டீங்கன்னு அர்த்தம்." வாய்க்கு மாட்டும் கூடை ஒன்றும் வாங்கச் சொன்னார்.

ஈரலை வேகவைத்துக் கொடுத்தேன், துப்பினாள். பிஸ்கட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமியார் கொண்டுவந்திருந்த நெத்திலிக் கருவாட்டுப் பைக்கு முன்னால் மட்டும் தவம் கிடந்தாள்.

"நான் வெயில்ல நின்னு காயவெச்சத இந்தக் கழுதைக்குப் போடுவியா?" என்றார் மாமியார்.

"உப்பு போக ஊறவெச்சுட்டுத்தான் குடுக்கணும் அத்த."

"அது வேறயா?" என்றார். ஆனால் அன்று மாலையே ஊறவைத்து, முள் எடுத்து, கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார். வாய்க்கூடையைப் பழக்கியதும் அவர்தான். உள்ளே கருவாட்டைப் போட்டு நீட்டுவார், அவளே மூக்கை நுழைப்பாள். என் சுடிதார் பாக்கெட் முழுக்கக் கருவாடு. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் நிரந்தரமாகக் காலியானது.

அடுத்து, பதிலுக்குக் குரைக்காத ஒரு நாய் வேண்டும். தொழிற்பேட்டை டீக்கடைக்காரரிடம் ஒரு கிழட்டு ஆண் நாய் இருந்தது. அவர் அதை நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"உன் நாயக் கொஞ்சம் நடக்கவெச்சுத் தாயேன்" என்றேன்.

"இது எங்க யக்கா நடக்கும்? பன்னு காட்டினாத்தான் எந்திரிக்கும்."

"அப்படிப்பட்ட ஆளுதான் எனக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி குறைவு. அகலமான ரோட்டின் அந்தக் கோடியில் அவர் பன்னைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நடப்பார், இந்தக் கோடியில் நான் கருவாட்டோடு. செக்யூரிட்டிகள் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதலில் அவள் காதுகூட அசையாத தூரத்தில் நடந்தோம். வாரம் போகப்போகக் கொஞ்சம் கிட்டே வந்தோம். சில வாரம் கெட்டுப்போனது, பின்வாங்கினோம். மழைக்காலம் முடிவதற்குள் அவள் நைனாவைப் பார்த்ததும் உடனே என் பாக்கெட்டையும் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

ஒரு நாள் ரோட்டின் நடுவே கழுத்துப்பட்டையின் கொக்கி தெறித்துவிட்டது. நான் கத்துவதற்குள் அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். வாயில் கூடை இருந்தது ஒன்றுதான் ஆறுதல். "அசையாத" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. நைனா அசையும் உத்தேசத்திலேயே இல்லை. இவள் முட்டினாள். அது முகத்தைத் திருப்பி, மெதுவாக உட்கார்ந்து, பன் எங்கே என்று பார்த்தது. சண்டைக்கு ஆள் எழுந்து வரவில்லை. இவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கொஞ்சம் நின்றாள். பிறகு அதன் பின்பக்கத்தை முகர்ந்துவிட்டு, என்னிடம் கூலி வாங்க வந்தாள். பாக்கெட்டைத் தலைகீழாக அவள் கூடைக்குள் கவிழ்த்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று டீக்கடைக்காரர் இன்றுவரை கிண்டல் செய்கிறார்.

அவள் திருந்திவிட்டாள் என்று சொல்லமாட்டேன். நைனாவோடு ஒரே நிழலில் படுப்பாள், அவ்வளவுதான். மற்ற நாய்களைத் தாண்டும்போது என் கையையே பார்த்துக்கொண்டு வருவாள். சில நாள் அதுவும் கிடையாது, பழையபடி ரவுடித்தனம்தான்.

போன மாதம் டாக்டரம்மாவிடம் ஊசி போடப் போனோம். வராந்தாவில் ஒரு பொமரேனியன் இவளைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தது. இவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு நெத்திலி கொடுத்தேன்.

"உங்க நாய் ரொம்ப சாதுங்க" என்றார் பொமரேனியனின் சொந்தக்காரர்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.