ஒழுங்கு செய்தாயிற்று

மொழிபெயர்ப்பாளன் கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகம் பேசுவான். அதில் ஒரு வசனம்கூட அவனுடையதாக இருக்காது. ஒஸ்லோவில் நம் தமிழ்ப் பெற்றோர் நோர்வேஜியச் சொல்லால் ‘தொல்க்’ என்று கூப்பிடும் அந்த ஆள் நான்தான். பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போய், ஆசிரியர்கள் சொல்வதைத் தமிழிலும் நம்மவர் சொல்வதை நோர்வேஜிய மொழியிலும் சொல்வது என் பிழைப்பு. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் நாளிதழ் ஒன்றில் இருந்தேன். யார், எங்கே, எப்போது என்று கேட்காமல் திரும்பி வந்தால் அங்கே ஏச்சு விழும். இங்கே அதைக் கேட்டால் வேலை போய்விடும்.

முழங்கால் மேசையில் இடிக்கும் சின்னக் கதிரையில் இருந்து, விளங்காததற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம் ஆள். கீழே வருவதெல்லாம் ஒரே குடும்பத்தின் கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் கூட்டம்

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் இருக்கும் சுகந்தியின் மகள் கயல்விழிக்கு ஒன்பது வயது. கதைப்பதில் கெட்டிக்காரி. வாசிக்கத் தொடங்கினால் மட்டும் எழுத்துகள் பிடிகொடுக்காது. வகுப்பில் பிள்ளைகள் குறைவு என்று கேள்விப்பட்டு அவளைத் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்திருந்தார்கள். நிபுணர்கள் பிள்ளையைப் பார்த்து அறிக்கை எழுத, மாநகரசபை தீர்மானம் அனுப்பியது: கிழமைக்கு ஐந்து மணித்தியாலம், விசேட கல்வியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் கற்பிக்க வேண்டும். அந்த ஆசிரியரை எங்கிருந்து, எப்படிக் கொண்டுவருவது என்பது பள்ளிக்கூடத்தின் பாடு.

“கயலுக்கு நல்லதொரு ஏற்பாடு செய்வோம்” என்றார் அதிபர் மாரித். நான் நம் வழக்கப்படி “ஒழுங்கு செய்வம்” என்று பெயர்த்தேன். சுகந்தியின் முகம் கறுத்தது. ஒழுங்கு என்றால் நமக்கு ஏற்பாடும்தான், அடக்க ஒடுக்கமும்தான். அவருடைய காதில் விழுந்தது இரண்டாவது. “என்ரை பிள்ளை என்ன ஒழுங்கு கெட்டவளோ? ஆருக்குக் கை நீட்டினவள்? கேட்டுச் சொல்லுங்கோ அண்ணை!” என்று எழும்பிவிட்டார்.

பிழை என்னுடையது என்று இரண்டு மொழியிலும் மன்னிப்புக் கேட்டேன். மாரித் சிரித்தார். சுகந்தி சிரிக்கவில்லை, திரும்பக் கதிரையில் இருந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார்: “சரி. ஆனா இந்த ஒழுங்கையும் கண்ணாலை பாத்தாப்பிறகுதான் நம்புவன்.”

மூன்று வட்டங்கள்

இரண்டாம் கூட்டத்துக்குக் கணவர் ரவியும் வந்திருந்தார். பஸ் ஓட்டுபவர், சீருடையோடு வந்தார். மாரித் பலகையில் மூன்று வட்டங்கள் கீறினார். பள்ளிக்கூடமே ஓர் ஆசிரியரை வேலைக்கு வைப்பது ஒன்று. நிறுவனம் ஒன்றைப் பிடித்து, கணினித் திரை வழியே படிப்பிப்பது இன்னொன்று. வேறு தனியார் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து ஒரே ஆசிரியரைப் பகிர்ந்துகொள்வது மூன்றாவது. பெற்றோரின் கருத்தைக் கேட்கத்தான் கூட்டம் என்று அழைப்புக் கடிதத்தில் இருந்தது. நிர்வாகசபை போன கிழமையே மூன்றாவது வட்டத்தைத் தெரிவு செய்துவிட்டது என்பது கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தெரியவந்தது.

“ஏன் மூன்றாவது?” என்று ரவி கேட்டார். “அது மிகவும் நெகிழ்வானது” என்றார் மாரித். “நெகிழ்வெண்டா? இழுபடும் எண்டு சொல்லுறாவோ?” இதையும் நான் பெயர்க்கத்தான் வேண்டும். அப்படியல்ல, நிலைமைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் என்று மாரித் கையை வளைத்துக் காட்டினார். ரவி அந்தக் கையைக் காட்டிக் கேட்டார்: “வளையிறது பள்ளிக்கூடமோ, என்ரை பிள்ளையோ?”

எங்கள் ஆசிரியை

அந்தப் பகிர்வு ஆசிரியையின் பெயர் சில்யே. “இவர் எங்கள் விசேட ஆசிரியை” என்று மாரித் சுவரில் இருந்த படத்தைக் காட்டியிருந்தார். இரண்டு கிழமை கழித்து, வேறொரு குடும்பத்துக்காக வேறொரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கக்கத்தில் சிவப்பு சைக்கிள் தலைக்கவசத்தோடு அதே சில்யே வந்தார். “இவர் எங்கள் விசேட ஆசிரியை” என்றார் அந்த அதிபர். அதே மாதம் மூன்றாவது பள்ளிக்கூடத்திலும் அதே தலைக்கவசம், அதே வசனம். நானும் ஒவ்வொரு முறையும் ‘எங்கள்’ என்றே பெயர்த்தேன். தமிழில் அந்தச் சொல் கேட்டுக்கொண்டிருப்பவரைச் சேர்க்காது. அந்த வகையில் மொழிபெயர்ப்பு சரியாகத்தான் இருந்தது.

ஓர் அறையில் அறிந்ததை இன்னோர் அறையில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவன் நான். அடுத்த முறை கயலின் பள்ளிக்கூட வாசலில், சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டிருந்தபோது சுகந்தி பக்கத்தில் குந்தினார். “அண்ணை, நீங்கள் எத்தினை பள்ளிக்கூடம் பாக்கிறியள். இந்த ஒழுங்கு சரிவருமோ?” கருத்துச் சொல்ல எனக்கு அனுமதியில்லை தங்கச்சி என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். அவர் விடவில்லை. “அப்ப முகத்தையும் கொஞ்சம் மூடி வையுங்கோ அண்ணை. அது எல்லாத்தையும் சொல்லுது.”

படிக்கும் அறை

கயலுக்கென்று ஒதுக்கிய அறையைக் காட்ட மாரித் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கயலும் கூட வந்தாள். கதவில் ‘குழு அறை’ என்று கடதாசி ஒட்டியிருந்தது. ஒட்டியவர் நேராக ஒட்டக்கூட நேரம் எடுக்கவில்லை. உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவர் நீளத்துக்குப் பனிச்சறுக்குச் சப்பாத்துகள் அடுக்கிய தட்டு. சில்யேயின் நேரம் சரிவரும்வரை உதவியாளர் ஒருவர் பிள்ளையோடு இருப்பார் என்றார் மாரித். அவருக்குப் பயிற்சி உண்டா என்று சுகந்தி கேட்டதற்கு, பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடிக்கும் என்று பதில் வந்தது.

கயல் தாயின் கையை இழுத்து மெதுவாகச் சொன்னாள்: “இது படிக்கிற அறை இல்லை அம்மா, லாகர். சப்பாத்து எடுக்க ஆக்கள் வருவினம். ஒவ்வொருக்காலும் நான் எழும்பி வழிவிடோணும்.” லாகர் என்றால் சாமான் அடைக்கும் அறை. கூட்டத்தில் பேசப்படும் எதையும் விடாமல் பெயர்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. அன்று அந்த விதியை மிக விருப்பத்தோடு, உரத்த குரலில் கடைப்பிடித்தேன். மாரித் தயங்கவே இல்லை. “இடையிடையே எழுந்து நடப்பது பிள்ளைகளுக்கு நல்லது.”

செவ்வாய்க்கிழமை

கடைசிக் கூட்டத்துக்கு சில்யேயும் வந்திருந்தார். எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று என்று மாரித் தொடங்கினார். செவ்வாய்க்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சில்யே இங்கே வருகிறார். உதவி தேவைப்படும் பிள்ளைகளை அப்போது பார்க்கிறார். இரண்டு மாதமாக அப்படித்தான் நடக்கிறது.

சுகந்தி கைப்பையைத் திறந்தார். பள்ளிக்கூடம் கிழமைக்குக் கிழமை அனுப்பும் நேரசூசிகளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தாராம். எட்டையும் மேசையில் வரிசையாக விரித்தார். செவ்வாய் மதியம் என்ற கட்டத்தில் ஒவ்வொன்றிலும் ஒரே சொல்: நீச்சல். அந்த நேரத்தில் கயலின் வகுப்பு முழுவதும் பஸ்ஸில் ஏறி நீச்சல் தடாகத்துக்குப் போய்விடும். “ஐஞ்சு மணித்தியாலம் எண்டு கடிதத்திலை கிடக்கு. ஆர் படிப்பிச்சது? எண்டைக்கு? எத்தினை மணிக்கு?” என்றார்.

சில்யே தாள்களைப் பார்த்தார், பிறகு மாரித்தைப் பார்த்தார். “நான் கயலை இன்னும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. எனக்குத் தந்த பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.” மாரித் என் பக்கம் திரும்பி, மொழிபெயர்ப்பில் ஏதும் தவறு நடந்திருக்குமோ என்று கேட்டார். முதல் கூட்டத்தில் ஒரு பிழை விட்டவன் நான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். “இந்த முறை பிழை என்னுடையதல்ல” என்றேன். அந்த முதல் மன்னிப்பைத் தவிர, இத்தனை கூட்டங்களில் நான் சொந்தமாகச் சொன்ன ஒரே வசனம் அது.

அதற்குப் பிறகு மடிக்கணினி திறந்தது. திங்களும் வியாழனும் காலையில் சில்யே என்று எழுதப்பட்டது. மிச்ச நேரத்துக்குப் பயிற்சி பெற்ற வேறோர் ஆசிரியரை எடுப்பது என்றும், அறையை மாற்றுவது என்றும் எழுதப்பட்டது. சுகந்தி அச்சடித்த தாளை வாங்கி, கயலின் பெயரை விரலால் தேடிக் கண்டுபிடித்து, நாலாக மடித்து வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “திங்கக்கிழமை காலமை வேலைக்குப் பிந்தி வாறன் எண்டு வேலையிடத்திலை சொல்லப்போறன். கதவடியிலை நிண்டு பாப்பன் எண்டு உவைக்குச் சொல்லுங்கோ அண்ணை, ஒரு சொல்லும் விடாமல்.”

அந்தத் திங்கட்கிழமை சிவப்புத் தலைக்கவசம் நேரத்துக்கு வந்ததாகக் கேள்வி. இருந்தாலும் ‘ஒழுங்கு செய்தாயிற்று’ என்று யாராவது சொல்லும்போது, நான் இப்போதெல்லாம் இரண்டு மொழியிலும் கொஞ்சம் மெதுவாகவே பெயர்க்கிறேன், கதவடியில் யார் நின்று பார்க்கப்போகிறார்கள் என்று பெற்றோர் யோசித்துக்கொள்வதற்காக.